பத்துக்கு ஐந்து

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் முதலில் ஒளித்து வைக்கப்படும் பொருள் நான்தான். தங்கை கண்ணில் பட்டால் மாப்பிள்ளை வீட்டாரின் பார்வை அந்தப் பக்கம் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். அப்படிப் போகும்படியான அழகு எனக்கு இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அக்காவுக்கு முப்பது முடிந்துவிட்டது. நல்லம்பள்ளியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜி தின்று, காபி குடித்து, "போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்து போனவர்கள். ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. இந்த முறை புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "இதாண்டி கடைசி. இதுக்கு மேல யாரு வந்தாலும் போயி நிக்க மாட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ரொம்ப அமைதியாகச் சொன்னாள். அதே அக்கா இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பார்த்தது எனக்குத் தெரியும். அரூர்ப் பக்கம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தரகர் சொன்னது அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் கன்சோலில் வரும் வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று ஒரு சேனலில் தமிழில் பேசுகிறேன். முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். ஒரு தடவை கேட்டவர்கள் அந்தக் குரலை மறக்க மாட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பிரமாதமான கேமைப் புகழ்வதும் மட்டமான கேமைக் கிழிப்பதும் சுலபம். சுமாரான கேம்தான் உயிரை வாங்கும். குறை என்று விரல் வைக்கவும் ஒன்றும் இருக்காது, நிறை என்று தூக்கிப் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது. பாதியில் நிறுத்தி ஐந்து மார்க் போட்டுவிடக் கை பரபரக்கும். நான் அதைச் செய்வதில்லை. கடைசிக் காட்சி வரை ஆடாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

அந்த வாரம் அகப்பட்டது ஒரு யானைக்குட்டி கேம். வழிதவறிய குட்டியை ஒரு பெண் மலைக் கிராமங்கள் வழியாகத் தாயிடம் கொண்டு சேர்க்க வேண்டும். ஊருக்கு ஊர் அதே வேலை: தண்ணீர் எடுத்து வா, விறகு கொண்டு வா. எதிரில் வருகிற கிழவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியபடியே முழுவதையும் பார்த்தாள். பத்துக்கு ஐந்து என்று முடிவு செய்து, பேசப் போவதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "சந்தையில் சாயங்காலம் மிஞ்சிக் கிடக்கிற கத்திரிக்காய் இது. சொத்தையும் இல்லை, எடுத்துப் பையில் போடவும் மனசு வராது."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, "செஞ்சவங்க கேட்டா சங்கடப்படுவாங்கடி," என்றாள்.

"அவங்க எங்கக்கா நம்ம சேனலைக் கேக்கப் போறாங்க?"

வீடியோ ஞாயிறு காலையில் வெளியானது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளை முகத்தில் களையே இல்லை. அப்பா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

"பையன் காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலீங்க," என்றார் தாய்மாமன். "யானைக்குட்டி வெச்சு இவங்க கம்பெனியில ஒரு கேமு செஞ்சாங்க, வருசக்கணக்கா. எவளோ ஒருத்தி அதைக் கத்திரிக்காய்னு சொல்லிட்டாளாம். வண்டியில வரப்பவும் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேக்கறான்."

கதவிடுக்கிலிருந்து பின்வாங்கினேன். அம்மா சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கத்திரிக்காய் வரியை நான் சரியாக வரும்வரை பதிவு செய்துகொண்டிருந்தபோது வெளியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவள் அவள். டம்ளர் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து என் வாயைப் பொத்தினாள். "தும்மல் வந்தாக்கூட முழுங்கு," என்றாள் காதோரம்.

பேச்சையே பெருமையாக வைத்திருப்பவள், ஒரு வார்த்தை பேசினால் அக்காவின் கல்யாணம் கெட்டுப்போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வந்து கும்பிட்டு உட்கார்ந்தாள். என்ன படித்திருக்கிறாள், சமைப்பாளா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம் எங்கள் அம்மாவே பதில் சொன்னாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே போகச் சொன்னார்கள்.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க," என்றார் அப்பா.

"இருக்கட்டுங்க. கை நனைக்கறது அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். அது தெரிந்தும் அம்மா சோறு ஆக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ஆக்கி வைப்பாள்.

கை கழுவ அந்த அம்மா பின்பக்கக் குழாய்க்கு வந்தார். அது சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. போனில் யாரிடமோ சொன்னார்: "பொண்ணு சுமாருதான். கொறைன்னு ஒண்ணும் சொல்ல முடியாது. மனசுல நிக்கல, அவ்ளோதான்."

ஐந்து மார்க். நான் எத்தனை கேம்களுக்கு அலட்சியமாகப் போட்ட மார்க் அது. அதையே அக்காவுக்கு இன்னொருவர் போட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோய் ஜன்னல் வழியே கத்திவிட்டேன்.

"ஏங்க, எங்கக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுனீங்களா? பேசாமயே எப்பிடிங்க மனசுல நிக்கும்?"

அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். அவரைக் கூப்பிட வந்த மாப்பிள்ளை, செருப்புக் காலோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போச்சு.

"கத்திரிக்காய் நீங்கதானுங்களா?" என்றார்.

தலையாட்டினேன். இனி வாயை மூடி என்ன ஆகப்போகிறது?

"முழுசா ஆடுனீங்களா?"

"கடைசி வரைக்கும் ஆடுனேங்க. ஆடாம சொல்ல மாட்டேன்."

அவருடைய அம்மா குழாயை மூட மறந்திருந்தார். மாப்பிள்ளை குனிந்து அதை மூடினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வாங்கம்மா. இன்னுங்கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம். அரைகொறையாப் பாத்துட்டு நாம எதுவும் சொல்ல வேணாம்."

அக்காவை மறுபடி கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். தடுக்கிற தெம்பு அம்மாவுக்கு இல்லை.

"நீங்க கேம் ஆடுவீங்களா?" மாப்பிள்ளை அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஆட மாட்டேங்க. இவ ஆடறப்ப பக்கத்துல உக்காந்து பாப்பேன். யானைக்குட்டியையும் முழுசாப் பாத்தேன்."

"எப்பிடி இருந்துச்சுங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். நல்லாருந்துச்சுன்னு சொல்லிடுக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு பொய்தானே, சொன்னால் என்ன?

"சுமாருங்க," என்றாள் அக்கா.

தாய்மாமன் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தில் தொடர்ந்தாள். "ஆனா பாலத்துகிட்ட அந்தக் குட்டி நின்னு திரும்பிப் பாக்குமே, அந்த எடத்த மட்டும் இவளை நிறுத்தச் சொல்லி இன்னொருவாட்டி பாத்தேன்."

"அது நான் செஞ்சதில்லீங்க. கூட வேல செய்யற ஒரு பொண்ணு செஞ்சது," என்றார் மாப்பிள்ளை. "நான் செஞ்சது கதவு."

"கதவுங்களா?"

"ஆமாங்க. அதுல இருக்கற எல்லா வூட்டுக் கதவும் நான் செஞ்சதுதான்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாம் நல்லாத்தாங்க தொறந்துச்சு. ஒண்ணுகூட மாட்டிக்கல."

என் வீடியோவில் கதவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒழுங்காகத் திறக்கிற கதவை நான் கவனிக்கவே இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் கவனித்திருக்கிறாள். மாப்பிள்ளை அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

"பசிக்குதும்மா," என்றார் தன் அம்மாவைப் பார்த்து.

எல்லாருக்கும் புரிந்தது. அந்த அம்மா மகனைப் பார்த்தார், ஜன்னலில் கத்திய என்னைப் பார்த்தார், கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார். "நீ என்னா பாடம்மா நடத்தற?"

"கெமிஸ்ட்ரிங்க."

"பசங்க சொன்னா கேக்குதா?"

"ரெண்டு மூணு தடவை சொன்னா கேக்குங்க."

"எங்கூட்டுலயும் ரெண்டு மூணு தடவை சொல்லணும்," என்ற அந்த அம்மா, எங்கள் அம்மாவிடம், "எலை போடுங்க," என்றார்.

அம்மா சமையலறைக்கு ஓடினாள். பின்னால் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "கத்திரிக்காய்க் கொழம்புதாண்டி வெச்சிருக்கேன்," என்றாள்.

நானே பரிமாறினேன். குழம்பு ஊற்றும்போது மாப்பிள்ளை இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தையில மிஞ்சுனதுங்களா?"

"இல்லீங்க மாமா," என்றேன். "விடியறதுக்குள்ள போயி அப்பா பொறுக்கி எடுத்தது."