மூன்று பேராய் மலைக்குப் போகலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கட லண்டன் டூட்டிங் வீட்டு மாடிப்படியிலே மூன்று பேர் இடுப்பிலே கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். சும்மா நடந்து ஏறினால் என்ன என்று கேட்பீர்கள்... கென்யா மலைக்கு ஒத்திகையாம்!

ஏறினவர்களில் ஒருத்தி என்ர மகள் பவானி. நாற்பது தாண்டிவிட்டாள், ஆஸ்பத்திரியிலே எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மற்றவர் அவளோடு வேலை செய்கிற ஹெலன், வெள்ளைக்காரப் பெண். மூன்றாவது ஆள் குகன். சுவிஸிலே கன காலம் இருந்து, அங்கேயே மலை ஏறிப் பழகி, இப்போது லண்டனிலே எலெக்ட்ரீஷியன்.

கிளிமஞ்சாரோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிலே சனம் நடந்தே ஏறுது. கென்யா மலை அப்படியில்லை. கடைசித் துண்டு செங்குத்துப் பாறை. கயிறு வேணும், பாறை வெடிப்புக்குள்ளே செருகுகிற இரும்புத் துண்டு வேணும், நெஞ்சிலே துணிவு வேணும். வருகிற தை மாதம் போகினம். தையிலேதான் தெற்குப் பக்கப் பாறையிலே நல்ல வெயில் படுமாம். விடியவே தொடங்கி, இருட்டுக்கு முன் இறங்கிவிட வேணும். பிந்தினால்? பாறை விளிம்பிலே குந்தியிருந்து விறைக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? திட்டம் நடக்கிறது என்ர சாப்பாட்டு மேசையிலே அல்லவா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் காது நன்றாய்க் கேட்கும்.

அன்றைக்கு இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டே வாயை விட்டேன்.

"ஏன் பிள்ளை, மூண்டு பேராய் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடுறதே? கூடாதெல்லோ."

பவானி சிரித்துவிட்டு ஹெலனுக்கு இங்கிலீசிலே சொன்னாள். ஹெலனும் சிரித்தார். குகன் மட்டும் கையிலே எடுத்த சொதிக் கரண்டியைத் திரும்ப வைத்தார்.

"அன்ரி சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. நானும் இதைச் சொல்லத்தான் நினைச்சனான். ஒரு கயித்திலே மூண்டு பேர் எண்டால் ஒருத்தர் ஏறுமட்டும் மற்ற ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிக்கோணும். இருட்டிப்போடும். ரெண்டு பேர் எண்டால் கெதியாய் முடிஞ்சிடும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுவிஸ் மலையெல்லாம் ஏறின ஆளே என்ர பக்கம்!

பிறகுதான் பவானியைப் பார்த்தேன். இடியப்பத்தைப் பிசைந்தபடி இருந்தாள், வாயிலே வைக்கவில்லை. ரெண்டு பேர் என்றால் ஆர் ஆர்? ஹெலனும் குகனும் மலையிலே பழகின ஆட்கள். என்ர மகள் பிந்தித் தொடங்கினவள். வீட்டிலே நிற்கப் போவது அவள்தான். அதுவும் பெற்ற தாயின் வாயாலே.

இந்த வருஷம் எங்கட சனத்துக்கு எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை. ஊரிலே சண்டை முடிந்த வைகாசிக்குப் பிறகு பவானி வேலைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்துவாள். அவ்வளவுதான். இந்த மலைக் கதை வந்த பிறகுதான் அவளின்ர குரல் வீட்டிலே திரும்பக் கேட்டது. அதை நான் ஒரே வசனத்திலே நிப்பாட்டிப் போட்டேனோ?

"பொறும் தம்பி," என்றேன். "அதுக்கு ஒரு மாற்று இருக்கு. மூண்டு பேர் போய்த்தான் ஆகவேணும் எண்டால் ஒரு கல்லையும் கூடக் கொண்டு போவினம். கல்லு நாலாவது ஆள்."

பவானி நிமிர்ந்தாள். "அம்மா, பாரம் குறைக்கவெண்டு நான் பல்லுத் தீட்டுற பிரஷ்ஷின்ர பிடியையே பாதியாய் அரிஞ்சு வைச்சிருக்கிறன். நீங்கள் கல்லுக் கொண்டு போகச் சொல்லுறியள். மலைக்கு."

இது விளங்கினதும் ஹெலன் மேசையிலே தலையை வைத்துச் சிரித்தார். அங்கே கிடக்கிற கல்லிலே ஒன்றை எடுத்தால் காணாதா, போதாதா என்று கேட்டார். காணாது. வாசலைத் தாண்டும்போதே நாலு பேர் இருக்க வேணும். இடையிலே ஏறுகிற ஆள் கணக்கிலே வராது.

"கல்லு நேரத்தை மிச்சம் பிடிக்காதெல்லோ, அன்ரி," என்றார் குகன்.

அதுவும் சரிதான். அப்போது ஹெலன் ஒரு வழி சொன்னார். கயிறு ரெண்டு. முன்னுக்குப் போகிறவர் ரெண்டையும் கட்டிக்கொண்டு ஏறுவார். பின்னுக்கு வாற ரெண்டு பேரும் ஆளுக்கொரு கயிற்றிலே, சற்று முன்பின்னாய், ஒரே நேரத்தில் ஏறலாம். கயிறு சிக்குப்படாவிட்டால் நேரம் போகாது.

"சிக்குப்படும்," என்றார் குகன்.

"படியிலே செய்து பாப்பம், வாரும்," என்றாள் பவானி.

இடியப்பம் ஆறியது. முதலில் குகன் மேலே போனார். மற்ற ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த இடத்திலே பச்சைக் கயிறும் நீலக் கயிறும் புட்டும் தேங்காய்ப்பூவும் போலக் கலந்து கிடந்தன. குகன் ஒரு பக்கம் இழுத்தார், ஹெலன் மறுபக்கம் இழுத்தார், இறுகியது. பிறகு ஹெலன் முன்னுக்குப் போனார். அதே கதை. ஒருவரை ஒருவர் பிழை சொன்னார்கள் — ஒருவர் தமிழிலே, ஒருவர் இங்கிலீசிலே.

"ரெண்டு பேரும் கையை எடுங்கோ," என்றாள் பவானி.

மேல்படியிலே குந்தி, பச்சையை ஒரு பக்கமும் நீலத்தை மறுபக்கமுமாய் மடித்து மடித்துப் போட்டாள். அவசரமில்லை, ஆனால் கை நிற்கவுமில்லை. அடுத்த முறை, அதற்கடுத்த முறை, ஆட்கள் மாறி மாறி ஏறினாலும் சேருகிற இடத்திலே கயிறு அவளின்ர பொறுப்பு. ஒரு சிக்கும் இல்லை.

குகன் படியிலே இருந்து வியர்வையைத் துடைத்தார்.

"அக்கா, நீங்கள் வராட்டில் நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் பாறையிலே கயித்தோட சண்டை பிடிச்சுக்கொண்டே விடிய விடிய நிண்டிருப்பம்."

"அப்ப நேரம் காணுமோ?"

"காணும். வேல்ஸ் பாறையிலயும் ஒருக்கால் செய்து பாப்பம். மூண்டு பேரும்."

பவானி சிரித்தாள். வாய் நிறைய, படி முழுக்கக் கேட்கச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரிலே தட்டினார். தட்டட்டும். இவ்வளவு நாளும் நாங்கள் எத்தனை அமைதியாய் இருந்தோம் என்று அவருக்குத் தெரியுமா?

எதையாவது நம்பி ஒரு வசனம் சொல்லலாம், பிழையில்லை. அதைக் கேட்டு ஆர் வீட்டிலே நிற்க வேண்டி வரும் என்று பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

கல் விஷயத்திலே மட்டும் நான் இறங்கவில்லை. பவானியே முன்வாசலிலே ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், கடலைப் பருப்பளவு. இப்போது அதை ஆர் சுமக்கிறது என்று மூன்று பேரும் வாதாடுகினம்... நான் வாயைத் திறக்கவில்லை.