அப்பாவின் விரல்களும் விமலா என்கிற மாடும்

எங்கள் வீட்டுக்கு மாடு வந்தது அப்பாவின் விரல்கள் போன பிறகுதான். விரல்களை எடுத்தது கம்பெனி பிரஸ் இல்லை, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷின்தான் என்று காட்டுவதற்காகவே அது வந்தது. மெஷினை மட்டும் கொண்டுவந்து வைத்தால் யார் நம்புவார்கள்? அதனால் மாமா மாட்டையும் சேர்த்து டெம்போவில் ஏற்றிவிட்டார்.

தலையும் வாலும் மாற்றிச் சொல்கிறேன் இல்லையா? என் வழக்கமே அதுதான். சின்ன வயதில் என் வாய் முன்னால் ஓடும், புத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். இப்போதும் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

ஓசூரில், கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற பாதையில், தீப்பெட்டிகளை அடுக்கியது போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அங்கேயே சூப்பர்வைசர். அம்மாவின் அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்தவர் அவர், கல்யாணம் பண்ணிக் கொடுத்தவர் அவர், மாப்பிள்ளைக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவர் வந்தால் அவருக்குத்தான். அவர் உட்கார்ந்திருக்கும்போது அம்மா சுவரோரம் நிற்பாள். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு என்று ஒன்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அந்த பிரஸ் எப்படி வேலை செய்யும் என்று அப்பா பிற்பாடு எனக்கு விளக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருக்கும் இரும்பு கீழே இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் உள்ளே மாட்ட வழியில்லை, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஒரு நாளைக்கு அடிக்கிற உருப்படி குறையும். ஆகவே எல்லா ஷிஃப்டிலும் ஒரு பட்டனில் மரக்குச்சி செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகடு எடுத்து வைக்க. குச்சியைச் சீவி, பதமாகச் செருகித் தருவது மாமா. அதில் அவர் கெட்டிக்காரர் என்று கம்பெனியில் பெயர்.

ஒரு நாள் தகடு வைக்கப்போன வலது கையின் இரண்டு விரல்களின்மேல் இரும்பு இறங்கிவிட்டது.

மாமா முதலாளியின் காரிலேயே அப்பாவைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் போகிற வழியிலேயே, அப்பா வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போதே, கதையைத் தயார் செய்துவிட்டார். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போது வீட்டு மெஷினில் கை மாட்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது மாடு இல்லை. மாடு வந்தால் நாங்கள் வெளியே போக வேண்டியிருக்கும், அந்த அளவு வீடு.

அப்பா வீட்டுக்கு வந்ததும் மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"கம்பெனி உன்ன கைவுடாது மாப்ள. கை ஆறட்டும், கேட்ல உக்கார வெக்கறேன். பிரஸ்ல பட்டுச்சுன்னு எழுதிட்டா ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வருவாரு, குச்சிய பாப்பாரு. மொதல்ல போறது என் வேலதான். உன் தங்கச்சி புள்ளைங்கள நெனச்சுப் பாரு."

மாமாவின் மனைவி அப்பாவுக்குத் தங்கை முறை. மாமா இந்த முறையையெல்லாம் தேவைப்படும்போது சரியாக எடுத்து வைப்பார். அப்பா தலையாட்டினார். அடுப்பங்கரையில் ஒரு குண்டான் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது. அவ்வளவுதான் அம்மாவின் பதில்.

கட்டு மாற்ற இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனோம். நானும் கூடப் போனேன். சுற்றும் ஸ்டூல் ஒன்று அங்கே உண்டு, அதற்காக. டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஓசூரில் வேலை பார்க்கிறவர், எத்தனை கை பார்த்திருப்பார்!

"எதுல பட்டுச்சு?"

"தட்டு வெட்டற மெஷின்ல மேடம்."

"வெட்டின மாதிரி தெரியலயே. நசுங்கின மாதிரி இல்ல இருக்கு?"

அப்பா தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அம்மாவின் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். வீட்டில் அடிபட்டது என்றால் வைத்தியம் கிடைக்கும், லீவு நாட்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும், அத்தோடு சரி. வேலையில் அடிபட்டது என்றால், டாக்டர்கள் குழு பார்த்து, போன விரல்களுக்காக அப்பா உயிரோடு இருக்கிறவரை மாதாமாதம் பணம் வரும். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை, சம்பளத்தில் பிடித்ததற்கு உண்டான உரிமை. கம்பெனி வேலையைவிட்டு எடுத்தாலும் நிற்காது. "சந்தேகம்னு எழுதறேன். ஒருத்தர் வந்து விசாரிப்பாரு. அவருகிட்டயாவது உள்ளத சொல்லுங்க" என்றார்.

நான் ஸ்டூலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் முக்கியமான விஷயம் என்னைப் பொறுத்தவரை ஸ்டூல்தான்.

விசாரணை வருகிற செய்தி மாமாவுக்குப் போனது. இரண்டொரு நாளில் டெம்போ வந்து நின்றது. மாமா கர்நாடக எல்லையோரம் பாகலூர்ப் பக்கம் தெரிந்த ஒரு விவசாயியிடம் கெஞ்சி ஒரு மாட்டையும், எங்கோ கொட்டகையில் கிடந்த ஒரு பழைய தட்டு வெட்டும் மெஷினையும் இரவல் வாங்கியிருந்தார். மாட்டைக் கட்ட இடம் இல்லாமல் பொதுக் குழாய்க்குப் பக்கத்தில் கட்டினார். கன்னடம் பேசுகிற வீட்டுக்காரம்மா ஓடிவந்தார்.

"ஏனப்பா இது! வீடு வாடகைக்குக் குடுத்தனா, கொட்டாய் வாடகைக்குக் குடுத்தனா?"

"ரெண்டே நாளுங்கம்மா. கோயிலுக்கு வேண்டுதல்" என்றார் மாமா. எந்தக் கோயில், என்ன வேண்டுதல் என்று அந்தம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கொண்டுவந்து இறக்கியிருப்பார்.

மாடு எங்களை ஆள் என்றே மதிக்கவில்லை. தமிழில் "தள்ளு" என்றால் நின்ற இடத்தில் நிற்கும். வீட்டுக்காரம்மா கன்னடத்தில் அதட்டினால் உடனே நகரும். பாலும் கறக்கவில்லை, வறண்ட மாடு. பால் மாட்டை யார் இரவல் தருவார்கள்? எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தெருவிலேயே மாடு வைத்திருக்கும் ஒரே பெண் நான்தான். அதற்கு விமலா என்று பெயர் வைத்தேன். விமலா எங்கள் வகுப்பு மிஸ். நாம் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பதில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை.

மெஷினையும் விடவில்லை. தட்டைத் திணிக்கிற வாய்க்குள் என்ன இருக்கிறது என்று குச்சி விட்டுக் கிளறினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டுக்காரிக்கு என் ஆராய்ச்சி பிடிக்கவில்லை. இடது கண்ணுக்குக் கீழே ஒரே கொட்டு, கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. ஒரு கண் மட்டும் திறந்திருக்க, மற்றபடி முழு மகிழ்ச்சியோடு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

விசாரிக்க வரும் நாளன்று மாமா காலையிலேயே வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்தார். என் வாயைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு சினிமாவுக்குப் போனதை அத்தையிடம் சொன்னது நான்தான்.

"இத எங்கயாவது கொண்டுபோய் வுடு. ஓட்ட வாயி" என்று சொல்லிவிட்டு, அம்மாவை நம்பாமல் தானே என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டுக்காரம்மா வீட்டில் டி.வி. முன்னால் உட்கார வைத்தார். நான் சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். "வா, வேல இருக்கு" என்றாள். எனக்கு எரிச்சல். பாதி கார்ட்டூனில் எழுந்து போனேன்.

வீட்டு வாசலில் அந்த நாற்காலியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா கட்டுப்போட்ட கையோடு எதிரில் நின்றார். மாமா தற்செயலாக வந்தவர் போலச் சுவரில் சாய்ந்திருந்தார். மாமா சொல்லச் சொன்னதை அப்பா சொல்லி முடித்திருந்தார் போல, அந்த சார் எழுதிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய் என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். "சாருக்கு மோர் குடு. அவரு குடிக்கற வரைக்கும் நின்னு டம்ளர வாங்கிட்டு வா."

நான் போய் நின்றேன். மாமாவின் கண் என்னைப் பார்த்துப் பெரிதானது. எனக்கு ஒரு கண்தான் வேலை செய்தது, அதுவும் மாட்டின் பக்கம் இருந்தது.

சார் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன பாப்பா, கன்னம் வீங்கியிருக்கு?" என்றார்.

அவ்வளவு போதும் எனக்கு.

"குளவி கொட்டிச்சு சார். அந்த மெஷினுக்குள்ள கூடு கட்டிக்கினு இருக்குது."

"எந்த மெஷினு?"

"தட்டு வெட்டற மெஷினுதான். விமலாகூட டெம்போல வந்துச்சே, அது."

"விமலா யாரு?"

"எங்க மாடு. ஆனா தமிழு தெரியாது சார். முந்தாநேத்துதான் வந்துச்சு, இனிமேதான் கத்துக் குடுக்கணும்."

மாமா சிரித்தார். அவ்வளவு நீளமாக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "சின்னப் புள்ள சார். கத வுடும். பள்ளிக்கூடத்துலயே கம்ப்ளெய்ண்டு."

பள்ளிக்கூடத்தில் என்மேல் புகார் இருந்தது உண்மைதான். ஆனால் அது பேசுவதற்கு, பொய் சொல்வதற்கு இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நெஜமா சார்! வேணும்னா வந்து பாருங்க. பாத்துக் கைய வைங்க, கொட்டும்."

அவர் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மெஷின் முன்னால் குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். கூடு காய்ந்து, கெட்டியாக, சிமென்ட் போட்டது போல இருந்தது. கத்தி துருவேறி உடம்போடு ஒட்டியிருந்தது. சுற்றுகிற சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். விமலாவைத் தமிழில் தள்ளியது போலத்தான், அசையவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. எங்க அடிபட்டுச்சு?"

அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாகச் சுவரோரம் நிற்பவள், அன்று நடுவில் நின்றாள்.

"பிரஸ்ல சார்" என்றார் அப்பா. சொன்ன பிறகு அழுதார். விரல்கள் போன அன்றுகூட எங்கள் முன்னால் அழாதவர்.

மாமா பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் டெம்போ வந்து மாட்டையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டது. நான் தெருவில் விழுந்து புரண்டு அழுதேன். அப்பாவின் விரல்களுக்கு நான் அப்படி அழவில்லை, எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாட்டைக் காட்டிக்கொடுத்தது என் வாய்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அம்மா கையால் என் தோல் உரியும் என்று காத்திருந்தேன். அவள் எனக்கு முட்டை தோசை சுட்டுப் போட்டாள். அழுததற்கு இரக்கம் காட்டுகிறாள் என்று நினைத்து, இன்னும் ஒன்று கிடைக்குமா என்று மேலும் கொஞ்சம் அழுதேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலையில் பட்ட காயம் என்று எழுதப்பட்டது. டாக்டர்கள் குழு பார்த்தது. மாதாமாதம் வரவேண்டியது வர ஆரம்பித்தது, இன்றும் வருகிறது. கம்பெனி அப்பாவைக் கேட்டில் உட்காரவைத்தது, ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆள் குறைப்பு என்று அனுப்பிவிட்டது. அந்தப் பணம் இல்லாதிருந்தால் நான் இதை எழுதும் அளவுக்குப் படித்திருப்பேனா என்பது சந்தேகம். மாமாவுக்கு வேலை போகவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு பொங்கலுக்குக் கரும்போடு வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "புள்ள வாயி அப்படி, நீ மனசுல வெச்சுக்காதண்ணா" என்றாள். மாமா என் காதைத் திருகினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குடும்பத்தில் நடந்த அந்தப் பெரிய குளறுபடிக்கு நான்தான் காரணம் என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படித்தான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, என் வீட்டில் நானே தயிர் தோய்க்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள்தான் கை அப்படியே நின்றது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தயிர், மோர் எதுவும் வாங்கியதில்லை. அப்பாவுக்கு அந்த வாசனையே ஆகாது. வீட்டுக்கு வருகிற யாருக்கும் அம்மா டீதான் போடுவாள், அன்றும் டீத்தூளும் பாலும் வீட்டில் இருந்தன. டீயாக இருந்தால் சுடும், எட்டு வயதுக்காரி கையில் கொடுக்க முடியாது, அவளேதான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்திருக்கும். நான் கையில் கொடுத்து, அவர் குடிக்கிறவரை எதிரிலேயே நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. அன்று காலையில், மாமா வருவதற்கு முன்பே, அவள் தெருமுனைக் கடைக்குப் போய் அந்த மோரை வாங்கி வைத்திருக்கிறாள்.