பள்ளத்துக்கு மேலே செல்லசாமி

செல்லசாமி என்ற பெயரை நாகலெட்சுமி முதன்முதலில் கேட்டது லிந்துலைத் தாய்வீட்டில், அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில். சம்பந்தம் பேச வந்த வீரய்யா சித்தப்பா, "மாப்பிள்ளைக்குக் குடி இல்ல, சூது இல்ல. ஒரே ஒரு கெட்ட பழக்கந்தான். கம்பியில தொங்குவாரு" என்றார். அவள் சிரித்தாள். கலியாணமாகி டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வாரத்திலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் பறிக்கும் கொழுந்தெல்லாம் பள்ளத்தைத் தாண்டி, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போவது அந்தக் கம்பியில்தான். சாக்கில் கட்டி, கப்பியில் மாட்டித் தள்ளிவிட்டால் சர்ரென்று போய்ச் சேரும். ஒன்றிரண்டு மூட்டை நடுவழியில் நின்றுகொள்ளும். அப்போது செல்லசாமி முண்டாசை இறுக்கிக்கொண்டு, இன்னொரு கப்பியில் கட்டிய சாக்கு ஊஞ்சலில் உட்கார்ந்து போவார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை, நாகலெட்சுமிக்கு அண்ணன் முறையான அழகுமுத்துவின் கையில். கீழே ஆறு, நூல் பிரிந்து கிடப்பதுபோல.

"மச்சான், கயித்த விட்டுரவா?"

"விடுடா. ஒந்தங்கச்சிக்கு நீயே சோறு போடு."

மூட்டையை நிமிர்த்தி ஒரு உதை கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஆள் லேசில் திரும்ப மாட்டார். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தரையில் இதே மனிதர் வேறு ஆள். பஸ் வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வார். ஹட்டன் டவுனில் ரோட்டைக் கடக்கப் பெண்சாதியின் முந்தானையைப் பிடிப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி "டேய்" என்றால் தலை நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

"அங்கன என்னாதாங்க இருக்கு?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"ஒன்னுமில்ல புள்ள. அதான் நல்லாருக்கு. 'டேய்'னு கூப்புட ஒருத்தன் இல்ல."

"நான் இங்க இருக்கேன்ல? வயித்துல ஒன்னு இருக்குல்ல?"

தன் தட்டுக் கருவாட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

பிறகுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். மப்பு மூடிய நாளில் எந்த மூட்டையும் நிற்பதில்லை. நல்ல வெயில் நாளில்தான் நிற்கிறது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியை மாட்டும்போது விரலால் கொஞ்சம் திருகிவிடுகிறார்! வெளியே சொன்னால் வேலைக்கே உலை. வாயை மூடிக்கொண்டாள்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த மறுவருசம் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். "கம்பி பழசாப் போச்சு. மூட்ட நின்னுக்கிட்டே இருக்கு. கழட்டிப்புட்டு லொறி விடப்போறோம்."

செல்லசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. தன் வினைதான், யாரிடம் சொல்வார்? நாகலெட்சுமிக்கோ கேட்ட வரம் வீடு தேடி வந்த மாதிரி. பேசாமல் நின்றால் போதும், புருசன் தரையில் இருப்பார், பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பன் இருப்பான். அவர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார், பிணம் தூக்குகிறவர்களைப் பார்ப்பதுபோல. அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"கம்பி நல்லாத்தான் இருக்குங்கய்யா. நாங்க பொம்பளைங்கதான் மூட்டயக் கோணலாக் கட்டிப்புடுறோம்."

கூட நின்ற பெண்கள் அவளை முறைத்தார்கள். கணக்கப்பிள்ளை எல்லாரையும் ஒரு பாட்டம் ஏசி முடித்து, "அப்ப இனிமே நீயே நின்னு பாத்து மாட்டு" என்றார்.

அதற்குப்பிறகு அவள் நேராக மாட்டிய மூட்டை ஒன்றுகூட நிற்கவில்லை. கம்பியும் தப்பியது. செல்லசாமி குறை சொல்லவில்லை. கொடுத்ததைத் தின்றார், சொன்னதைச் செய்தார், பாதிப் பேச்சில் எங்கோ போய்விடுவார். பிள்ளை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கிற காலம்வரை அவளும் பொறுத்துப் பார்த்தாள்.

ஒரு வெயில் நாளில் அவர் இடுப்பில் கட்டும் கயிற்றைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்தாள். முடிச்சை இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். கடைசி மூட்டையை மாட்டும்போது கொக்கியை விரலால் திருகிவிட்டாள். நடுவில் போய் நின்றது.

"என்னா பாக்குறீங்க? போங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "இருட்டுக்கட்ட முந்தி வந்துருங்க."

இன்றைக்கு மலையில் மப்பு இல்லை. செல்லசாமி பள்ளத்துக்கு மேலே, கம்பியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கயிறு நாகலெட்சுமியின் கையில் இருக்கிறது.