பூசணிக்காய் முதலில், குழந்தை பிறகு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், எங்கள் அண்ணனோடு ஒருமுறையாவது கடைக்குப் போய் அலுத்துத் திரும்பியிருப்பீர்கள். ஒரு குடை வாங்குவதென்றாலும் விரித்து மடக்கி, விரித்து மடக்கிப் பார்ப்பார். கடைக்காரர் முகம் சுளித்தால், "மழையில நனையப்போறது நானா, நீங்களா?" என்று கேட்பார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்தக் குணத்தால் எனக்குக் கிடைத்த வாழ்வைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆம்பூரில். அப்பாவின் ஆலை வேலைக்காகச் சிறு வயதிலேயே பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்தோம். அப்பா காலமானதும் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்துவைத்தார். வந்து இறங்கும் சரக்கைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் விட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் வேலை தேடி மஸ்கட் போனார். அங்கிருந்து பணம் வருகிற வழியைக் காணோம். இரண்டு வயது மகள் மலர்விழியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சமயத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. விஜயதசமிக்கு மறுநாள் சேர வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். பள்ளி ஆசிரியையான அண்ணியும் சீக்கிரம் கிளம்பிவிடுவார். குழந்தைகள் காப்பகமோ மல்லேஸ்வரத்தின் மறுகோடியில் இருந்தது. அண்ணன்தான் வேலைக்குப் போகும் வழியில் மலரைச் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு ஒரு சீட் வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அண்ணனைத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது என் அசட்டுத்தனம்.

ஒவ்வொரு சைக்கிள் கடையாக ஏறி இறங்கினோம். ஹேண்டில்பாரில் மாட்டும் கூடை வேண்டாம் என்றார். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலும் சாயுமாம். முன்கம்பியில் பொருத்தும் சின்ன சீட்டும் வேண்டாம் என்றார். சட்டென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் வாய் ஹேண்டிலில் மோதும்.

"சார், பெங்களூர் பூரா பசங்க இதுலதான் போகுது" என்றார் கடைக்காரர்.

"போறது தெரியுது. விழுந்தா?"

"ஏன் சார் விழறதப் பத்தியே பேசறீங்க?"

"விழாத அன்னிக்கு எந்த சீட்டா இருந்தாலும் போதுமே!"

கடைசியாக, உயரமான முதுகுப் பலகையும் பக்கக் கம்பிகளும் பெல்ட்டும் உள்ள ஒரு பின்சீட்டை, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

விஜயதசமி காலையில் பார்த்தால், ஒரு பூசணிக்காயைத் தலையணை உறைக்குள் போட்டு, அரிசி நிரப்பிய இரண்டு காலுறைகளை அதில் கால்களாகத் தைத்துக்கொண்டிருந்தார். "பொன்னி அரிசிங்க அது!" என்று அண்ணி புலம்பினார். மலர் கைதட்டிச் சிரித்தாள். அந்தப் பூசணிப் பிள்ளையை சீட்டில் வைத்து பெல்ட் போட்டுத் தெருவில் ஓட்டினார். எதிர்வீட்டுக்காரர், "ஏன் சார், கும்பளகாயின ஸ்கூல்கே பிடக்கே ஹொரட்ரா?" என்று கன்னடத்தில் கேட்டார். பூசணிக்காயைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பிவிட்டீர்களா என்று கேலி.

"இல்ல சார், அட்மிஷன் இன்னும் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன்.

முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வீடு உடைத்த பூசணிக்காய்கள் தெருமுனையில் சிதறிக் கிடந்தன. திரும்பும்போது சக்கரம் அதில் வழுக்கியது. சைக்கிளோடு அண்ணன் சாய்ந்து விழுந்தார். மலர் என் இடுப்பில்தான் இருந்தாள். ஆனாலும் அவளே விழுந்துவிட்டதுபோல அலறிக்கொண்டு ஓடினேன். அண்ணனின் முழங்கை உரிந்திருந்தது. பக்கக் கம்பிதான் தரையைத் தொட்டிருந்தது. பூசணிக்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

"போதும்ணா, இதுவே போதும்!" என்றேன்.

"தல தப்பிச்சிது. காலப் பாரு" என்றார். ஒரு காலுறை பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் சிக்கிக் கிழிந்து, அரிசி ரோடெல்லாம் கொட்டிக் கிடந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நாளைக்கு நான் சேரலன்னா வேல போயிடும்ணா! இப்டியே ஒவ்வொண்ணுத்துக்கும் குத்தம் சொல்லிட்டிருந்தா எப்டி?"

"நாளைக்கு நீயும் போற, மலரும் போறா. ஆனா இந்தக் காலோட போமாட்டா."

சக்கரத்தை மறைக்க ஏதாவது வாங்கலாமென்றால், பண்டிகை நாள், ஒரு கடையும் திறக்கவில்லை. திண்டாடி நின்றோம். அண்ணிதான் உள்ளே போய்த் தன் லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். புடவை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்தின் இருபுறமும் போட்டிருந்த கம்பி வலையைக் காட்டி, "இதக் கழட்டி மாட்டுங்க. எம் பொடவைய நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று முதல் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் பள்ளிக்குச் சைக்கிள் ஓட்டினார்.

மறுநாள் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சம்பளத்தில்தான் நிமிர்ந்தேன். என் கணவர் திரும்பி வரும்வரை குடும்பத்தைத் தாங்கினேன். அந்த சீட்டில் மலருக்குப் பிறகு அண்ணன் மகனும், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். மலர் இப்போது பொறியியல் படிக்கிறாள்.

அந்த வருடத்திலிருந்து ஆயுத பூஜை முடிந்ததும் அண்ணன் துடைப்பத்தோடு தெருமுனைக்குப் போய்விடுவார். யாருடைய பூசணிக்காய் என்று பார்க்கமாட்டார். "எந்தக் கொழந்த வண்டில வருதோ" என்று சொல்லிக்கொண்டே கூட்டுவார்.

நோயுற்றிருந்த நாட்களில் அவரைக் கண்போலப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரவு பகலாக உடனிருந்த நண்பர்களுக்கும், எதிர்வீட்டுக் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. கம்பி வலையையும் வாழ்வையும் கொடுத்த அண்ணிக்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது.

துக்க வருடமாதலால் இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் பூஜை இல்லை. சாயங்காலம் அண்ணனின் துடைப்பத்தைத் தேடினேன். வைத்த இடத்தில் காணவில்லை. வெறுங்கையோடு தெருமுனைக்குப் போனேன். மலரும் அண்ணன் மகனும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மலர், "அங்கயே நில்லும்மா, இன்னும் வழுக்குது" என்றாள்.