ஜும்மா நேரத்துத் திருத்தங்கள்

கணக்குக் களஞ்சியத்தின் பத்தாவது ஆண்டு மலருக்கு முனாப் சேரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். உழைப்பாளி, தன்னலமற்றவர், பிள்ளைகளின் பேரன்புக்குரியவர் என்று மலருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

முனாப் சேர் சாய்ந்தமருதில் இருக்கிறார், உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறார். தமிழில் கணக்குத் தீர்வுகளைச் சேர்த்து வைக்க இணையத்தில் இந்தக் களஞ்சியத்தைத் தொடங்கியவர் அவர்தான். எந்த ஆசிரியரும் பெயர் பதிந்து தீர்வு போடலாம், மற்றவர் போட்டதில் பிழை கண்டால் திருத்தலாம். யார், எந்த நேரத்தில், எதைத் தொட்டார் என்பதெல்லாம் பதிவில் நிற்கும். மூதூரிலும் மன்னாரிலும் டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். கலியாண வீட்டில் சஹன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் மனிதருக்கு வாயில் வருவது களஞ்சியம்தான்.

அவருக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதியவர் பக்கத்துத் தமிழூரான காரைதீவுச் சீனித்தம்பி சேர். நானூற்றுப் பன்னிரண்டு தீர்வுகள். ஒவ்வொன்றுக்கும் கோடு பிடித்துப் படம் கீறியிருப்பார். நான் கல்முனைக்குடியில் இருந்துகொண்டு அவர்கள் போட்டதைச் சரிபார்க்கிறவள். எண்பது தீர்வு எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

போன வருடம் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது யாரோ நாசம் செய்யத் தொடங்கினார்கள். பெயர் ‘மாணவன் 77’. கெட்ட வார்த்தை இல்லை, அழிப்பு இல்லை. தீர்வின் நடுவில் ஒரு கூட்டல் குறி கழித்தலாகும், அதற்குக் கீழே உள்ள வரிகளெல்லாம் அந்தப் பிழைக்கு ஏற்றபடி ஒழுங்காக மாறியிருக்கும். பார்த்தால் சரியாகவே தெரியும். இறக்காமத்தில் ஒரு டீச்சர் அப்படி ஒன்றை நம்பி முப்பது பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்குப் போன் எடுத்து அழுதாள். நாசமான தீர்வுகள் எல்லாம் முனாப் சேர் போட்டவை. மற்ற யாருடையதிலும் கை வைக்கப்படவில்லை.

ஐந்தாவது வாரம் முனாப் சேர் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நானும் வேறு இரண்டு ஆசிரியர்களும் போனோம். அவருடைய மனைவி ஜெனூபா திரைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணித் தட்டை நீட்டினாள். முனாப் சேர் பதிவைத் திறந்து நேரங்களைக் காட்டினார். எல்லாமே வெள்ளிக்கிழமை, பன்னிரண்டேகாலுக்கும் ஒன்றேகாலுக்கும் இடையில்.

“இந்த நேரத்தில நம்மட ஆக்கள் எல்லாரும் ஜும்மாவுக்குப் பள்ளியில. கடை கூட பூட்டு. அப்ப இதச் செய்யிறவன் நம்மட ஆள் இல்ல” என்றார்.

நம்முடைய ஆள் இல்லாத, இவ்வளவு கணக்குத் தெரிந்த, முனாப் சேர்மீது பொறாமைப்பட இடமுள்ள ஒருவர் என்றால் யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். அன்றைக்கே சீனித்தம்பி சேரை வெளியேற்றினார். பெயரை நீக்கினால் அவருடைய தீர்வுகளெல்லாம் நிர்வாகியின் பெயருக்கு மாறும்படிதான் களஞ்சியம் அமைக்கப்பட்டிருந்தது. ஒரு நிமிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டும் முனாப் சேருடையவை ஆகின.

சீனித்தம்பி சேர் சண்டைக்கு வரவில்லை. தன் பள்ளிக்கூட நேரசூசியைப் படம் எடுத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமையில் எங்கள் பள்ளிக்கூடங்கள் வேளைக்கே விட்டுவிடும், காரைதீவில் ஒன்றரை வரை நடக்கும். அந்த நேரத்தில் தான் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் நிற்பதாக எழுதியிருந்தார். வகுப்பில் நின்றபடியே போனில் செய்யலாம்தானே என்று முனாப் சேர் பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு நானும் கட்டைவிரல் உயர்த்தும் படம் ஒன்று போட்டேன். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து முனாப் சேர் உம்ராவுக்குப் போனார். போகும்போது நிர்வாகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமையும் ‘மாணவன் 77’ வந்தார். சீனித்தம்பியின் வேலைதான், இணைப்பையே தடுத்து விடுங்கள் என்று மக்காவிலிருந்து செய்தி வந்தது. எந்த வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது என்று காட்டும் எண் நிர்வாகிக்கு மட்டும்தான் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்ததே போதும் என்று முனாப் சேர் அதை ஒருநாளும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். முனாப் சேர் தினமும் தன் வீட்டிலிருந்து உள்ளே வரும் அதே எண்.

அடுத்த வெள்ளி ஓட்டோ பிடித்து, பாங்கு சொல்லும் நேரத்துக்கு முனாப் சேர் வீட்டுத் தெருவில் போய் இறங்கினேன். தெருவில் ஓர் ஆண் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கறி தாளிக்கும் வாசம், பெண்களின் பேச்சு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஒரு மணித்தியாலம் நானும் வீட்டில்தானே இருக்கிறேன்? அப்படி இருக்கிறவளே ‘எல்லாரும் பள்ளியில்’ என்றதற்குத் தலையாட்டினேன். என்னை நானே ஆளாக எண்ணவில்லை.

ஜெனூபா குசினியில், கொரோனாக் காலத்தில் மூத்த மகளின் வகுப்புக்கு வாங்கிய டெப்லெட்டோடு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் இரண்டாம் வருடம் படிக்கும்போது கலியாணம் முடிந்து, படிப்பு அதோடு நின்றது. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அலுமாரியிலிருந்து பதினெட்டு தடித்த சீஆர் கொப்பிகளை எடுத்து மேசையில் போட்டாள். முனாப் சேர் தன் பெயரில் போட்ட தீர்வுகள் முழுக்க அவள் கையெழுத்தில் இருந்தன.

“என்ட கணக்கத்தான் ராத்தா நான் கெடுத்த. வேற ஆர்ட கணக்கையும் தொடல்ல. ஒருநாளைக்காவது ‘இது நீயா’ எண்டு கேப்பாரெண்டு பாத்த. கேக்கல்ல.”

சீனித்தம்பி சேரின் பெயர் போகும்போது நீ திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று கோபப்பட்டேன்.

“ஓம். நீங்க முன்னால இருந்தீங்க” என்றாள்.

முனாப் சேர் திரும்பி வந்து பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்து தந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சீனித்தம்பி சேரின் பெயரை இன்றைக்கே திருப்பிப் போடுங்கள் என்றேன். போட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்டால் கொப்பிகள்வரை போகும் என்பது அவருக்கும் தெரியும். மனிதர் குரலை உயர்த்தவே இல்லை.

“டீச்சர், இது வெளிய வந்தா எனக்கு அவளோட குடும்பம் நடத்த ஏலா. வீடு அவட சீதன வீடு, நான்தான் எறங்கிப் போற. மூணு கொமருப் புள்ளைகளையும் வெச்சிக்கிட்டு அவள் என்ன செய்யிறெண்டு நீங்களே யோசிங்க.”

யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் டெப்லெட்டை விற்றுவிட்டார். களஞ்சியத்தில் இப்போதும் வாரம் இரண்டு புதுத் தீர்வு முனாப் சேரின் பெயரில் வருகிறது. அவளுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லையா, எழுதாமல் இருக்க விடவில்லையா என்று நான் கேட்கவில்லை.

மலர் அச்சுக்குப் போன அன்று காரைதீவிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. ‘டீச்சர், என்ர வகுப்புப் பிள்ளையள் இப்பவும் களஞ்சியத்தைத்தான் பாக்குதுகள். முனாப் சேர்ர இருநூற்றுப் பதினேழாம் கணக்கில ஒரு குறி மாறிக் கிடக்கு. நான் கை வச்சாப் பழி வரும். நீங்க திருத்தி விடுங்க.’

திருத்தினேன். திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது.