படத்தில் அசைந்த ஒன்று

எல்லோரும் அசையாமல் இருக்க, ஒருத்தர் மட்டும் ஆடிவிட்டார். படம் விழுந்திருந்த கண்ணாடி பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதற்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். கம்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமா வீட்டில் பள்ளிக்கூட விடுமுறைகளைக் கழிக்கிற பெண்ணாக இருந்தால் போதும். கல்யாண குரூப் படத்தில் அத்தனை பேரும் கல்லாய்ச் சமைந்து நிற்பார்கள். முன்வரிசைக் குழந்தை மட்டும் தலையைத் திருப்பிவிடும். அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழுப்புதான் இருக்கும். இந்த பிளேட்டில் இருந்ததும் அப்படி ஓர் இழுப்பு. ஆனால் இது வானத்தின் படம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஸ்டுடியோவுக்கு ஆளும் கிடையாது. ஏலத்தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தொலைநோக்கியின் முதுகில் மாமா தன் கேமராவைக் கட்டியிருந்தார். இருட்டியதும் மாடிக்குப் போய், நட்சத்திரங்கள் நகர நகரத் தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக்கொண்டே ஒரு மணி நேரம் எடுத்த படம் அது. பிளேட்டில் எல்லாம் தலைகீழ். வானம் வெளுப்பு, நட்சத்திரங்கள் மிளகுத் தூள் மாதிரிக் கறுப்பு. அவற்றின் நடுவே நகத்துணுக்கு அளவுகூட இல்லாத ஒரு கோடு.

முகங்களில் இருக்கும் அம்மைத் தழும்பையெல்லாம் பிளேட்டிலேயே சரிசெய்கிற வேலை அத்தையுடையது. கோட்டைக் கண்டதும் அவள் கை தானாகவே சுரண்டும் கத்தியை எடுத்துவிட்டது. நான் பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“கொடுடி. உங்க மாமா திருகைச் சரியாத் திருப்பாம விட்டுட்டாக. அதான் இழுத்திருக்கு.”

“அப்படின்னா எல்லா நட்சத்திரமுமில்ல இழுத்திருக்கணும், அத்த? இது மட்டும் ஏன் ஆடுச்சு?”

கத்தி நின்றது. மாமா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். தூசி விழுந்திருந்தால் அந்த இடம் வெளுத்திருக்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எரிநட்சத்திரம் என்றால் பிளேட்டின் குறுக்கே நீளமாய்ப் பாய்ந்திருக்கும். பஞ்சாங்கத்தைப் புரட்டினார், அந்த ராசியில் அன்று எந்தக் கிரகமும் இல்லை. பிறகு மெதுவாக, சூரியனைச் சுற்றிக் குட்டிக் கிரகங்கள் ஏராளமாய்த் திரிகின்றன, பல இன்னும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்றார். அவ்வளவு சின்னதா என்று கேட்டேன். மேற்கே தெரிந்த மலையைக் காட்டினார்.

“அந்த மலையத்தனை இருக்கலாம், ஆத்தா. நேத்து நாம மாடியில நிக்கையில அது அங்கன ஓடிக்கிட்டிருந்திருக்கு.”

மலை ஒன்று சத்தமே இல்லாமல் நம் தலைக்கு மேல் ஓடியிருக்கிறது. ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொரு ராத்திரியும் எடுத்து, அது இடம் மாறியிருப்பதைக் காட்ட வேண்டும். வீட்டில் மிச்சமிருந்ததோ ஒரு பிளேட்தான். மதுரையிலிருந்து அடுத்த பெட்டி தைப் பொங்கல் கழித்துத்தான் வரும். அந்த ஒன்றும் அத்தையின் அப்பாவுக்கென்று வைத்தது. சுருளிப்பட்டியில் பல மாதங்களாய் இருமிக்கொண்டு கிடந்தவர், வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர், மறுநாள் மகளோடு சேர்ந்து எடுத்துக்கொள்ள வருகிறார். அதைத் தொடக்கூடாது என்று மாமா எழுந்துவிட்டார்.

அத்தை கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். “தை வரைக்கும் அது அங்கன நிக்குமா?”

நிற்காது என்றார் மாமா. போனால் நம் ஆயுசில் திரும்பி வருமா என்பதுகூடத் தெரியாது.

“ஐயா தையில மறுக்கா வருவாக. அந்த பிளேட்டை நீங்க எடுத்துக்கங்க. ஆனா நாளைக்கு அவுகளைச் சும்மா அனுப்பாதீக.”

அத்தையின் அப்பா மறுநாள் சாயங்காலம் மாட்டுவண்டியில் வந்தார். முகம் மழித்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, நாற்காலியில் விறைப்பாய் உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தை. வெத்துக் கேமராதானே என்று அவர் கிண்டலாய்க் கேட்டார். மாமா அவரைப் பார்க்காமலே கறுப்புத் துணிக்குள் புகுந்து வெளியே வந்து, மூடியை எடுத்து, ஒன்று இரண்டு என்று எண்ணி, மறுபடி மூடினார். அதுவரை பெரியவர் மூச்சுக்கூட விடவில்லை. உள்ளே பிளேட் இல்லை என்பது தெரிந்ததால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். இருமல் வந்தபோதும், படம் கெட்டுவிடும் என்று அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

அத்தை கேமராவைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமா மூடியைப் போட்ட பிறகும்கூட. எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. கோட்டின் எந்த முனை தலை, எந்த முனை வால், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியாததால், இரண்டு பக்கமும் அடங்குகிற மாதிரி இன்றைக்குக் கேமராவை எப்படித் திருப்பி வைப்பது என்று கேட்க, கடைசி பிளேட்டோடு மாடி ஏறிய மாமாவின் பின்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.