மேகத்தில் நின்று மூட்டை தூக்க முடியுமா?

ஷூ கடை வைத்தவன் ஊரில் எல்லாருடைய காலையும் பிடித்தாக வேண்டும். என்னைப் போன்ற முன்கோபிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கடை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

கட்டைவிரல் வித்தை

தொண்ணூறுகளில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. எந்த ஷூவை எடுத்தாலும் முதலில் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவேன். ஸ்பாஞ்ச் மெல்ல அமுங்கி, மெல்ல எழும். "போட்டா மேகத்துல நடக்கற மாதிரி இருக்கும்" என்பேன். வந்தவர் கண் சொக்கும். என் பிழைப்பே அந்தச் சொக்கலில்தான்.

ஸ்ரீராம்புரத்து தாஸ் சொக்கவில்லை. பீன்யா தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் கூலி. சாயங்காலம் ஜிம்மில் பளு தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை தேர்வில் தூக்கிக் காட்டினால் கம்பெனி அணியில் இடம், நிரந்தர வேலை. அதற்குத்தான் ஷூ. என் கட்டைவிரலையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணா, மேகத்துல நின்னுக்கிட்டு யாராவது மூட்டை தூக்குவாங்களா?"

ஹீல் வேண்டுமாம்

அடி கல் மாதிரி இருக்க வேண்டுமாம், ஹீல் தூக்கலாக இருக்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல். கல்யாணப் பெண் போடுகிற ஜிகினா ஹை-ஹீல் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டேன். அவன் சிரித்தான். குதிகால் உயர்ந்திருந்தால் பளுவோடு குந்தி எழும்போது முதுகு நிமிர்ந்து நிற்குமாம்.

"வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா இடத்தைக் காலி பண்ணு" என்று கத்தினேன்.

"சும்னே கோவப்படாதீங்க" என்று கன்னடம் கலந்து சமாதானம் சொன்னான். "வெயிட் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். நீங்க எத்தினி கிலோண்ணா?"

தோள்மேல்

பதில் சொல்வதற்குள் என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துவிட்டான். அவன் காலில், அளவு பார்க்கப் போட்டிருந்த என் ஸ்பாஞ்ச் ஷூ. குந்தினான். கடை படகாக ஆடியது. வாசலுக்கு வெளியே பஸ்கள் மிதந்தன. என் சரக்கின் லட்சணம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எவனோ ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போன தோல் ஷூ ஒரு ஜோடி மூலையில் கிடந்தது. மர ஹீல், கெட்டி அடி. என்னை இறக்கிவிட்டு அதைப் போட்டான். மறுபடி தூக்கினான். இந்தத் தடவை எதுவுமே ஆடவில்லை. மெதுவாக இறங்கினோம், மெதுவாக எழுந்தோம். கறிக்கடைச் சத்தம், கண்டக்டர் விசில் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. மஞ்சள் வெயிலில் தூசி பொன்னாக மிதந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்க ஆள் இருந்ததில்லை. இறங்க மனமே வரவில்லை. ஆனாலும் வாய் விலையைச் சொல்லிவிட்டது.

கீழேயிருந்து குரல் வந்தது: "பாதி விலைன்னு சொல்லுங்க, இறக்கி விடறேன்."

திங்கட்கிழமை

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். தேர்வில் தோற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். "போட்ட ஷூவைத் திருப்பி எடுக்க மாட்டேன்!" என்று எகிறினேன்.

அவன் அதைக் கவிழ்த்து, என்னைப் போலவே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான்.

"பாத்தீங்களாண்ணா, அமுங்கல. நேத்து நானும் அமுங்கல. வேலை நமக்குத்தான்!"

ஊருக்கெல்லாம் மேகம் விற்ற நான் மேகத்துக்குப் பக்கத்தில் போய் வந்தது என்னவோ யாரும் சீண்டாத அந்தக் கட்டை ஷூ தயவில்தான், அதுவும் பாதி விலைக்கு.